ஐந்தாவது எழுத்து யாருடையது?

பான் எண்ணின் பத்து இடங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் மூன்று எழுத்துகள் வெறும் வரிசைக்கானவை. நான்காவது, அட்டைக்குரியவர் தனிமனிதரா, நிறுவனமா, அறக்கட்டளையா என்பதைச் சொல்லும். தனிமனிதர் என்றால் அது 'பி'. ஐந்தாவது, அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து. அதன்பின் நான்கு எண்கள் வரும், கடைசியில் சரிபார்ப்புக்கென்று ஓர் எழுத்து. குப்தாவுக்கு 'ஜி' என்றும் சர்மாவுக்கு 'எஸ்' என்றும் அந்த ஐந்தாவது இடம் சிக்கலின்றி நிரம்பிவிடும். ராமசாமியின் மகன் செந்தில்குமாருக்கு அங்கே என்ன இருக்கும் என்பது, அவருடைய விண்ணப்பத்தை எந்தத் தெருமுனைக் கடைக்காரர் நிரப்பிக் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதியிருந்தால் 'ஆர்'. அவர் பெயரையே எழுதியிருந்தால் 'எஸ்'. ஒரே வீட்டில் அண்ணனுடைய ஐந்தாவது எழுத்து அப்பாவுடையதாகவும் தம்பியுடையது தன்னுடையதாகவும் இருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம். பார்த்ததில்லை என்றால் இன்று இரவு வீட்டிலுள்ள அட்டைகளையெல்லாம் எடுத்து அடுக்கிப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் இன்னொரு விதியும் உண்டு: முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியல் கூடாது, விரித்தெழுத வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில்தான் எழுத வேண்டும். ஆக, 'ஆர். செந்தில்குமார்' என்று பள்ளியிலும் வேலையிலும் திருமண அழைப்பிதழிலும் அறியப்பட்ட ஒருவர் வருமான வரித் துறையின் பதிவேட்டில் 'ராமசாமி செந்தில்குமார்' அல்லது 'செந்தில்குமார் ராமசாமி' ஆகிறார். அதே அட்டையில் தந்தை பெயருக்கென்று தனி வரி இருப்பதால், ராமசாமி ஒரே அட்டையில் இரண்டு முறை தோன்றுகிறார்.

இதுவரை வேடிக்கைதான். பெயர் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்குப் பயணம் செய்யத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஆதாரில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். அதில் 'செந்தில்குமார் ஆர்' என்று இனிஷியலைப் பின்னால் போட்டே பலருடைய பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. கடவுச்சீட்டில் குடும்பப் பெயரும் தனிப் பெயரும் தனித்தனிக் கட்டங்கள்; குடும்பப் பெயரை நிரப்பாமல் விடலாம், ஆனால் இனிஷியலை விரித்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். நான்கு ஆவணங்களும் நான்கு விதிகளின்படி சரியாக நிரப்பப்பட்டவை. நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஐந்தாவது மென்பொருள்தான் 'பெயர் பொருந்தவில்லை' என்கிறது. அந்த வாசகத்தைப் படிக்கும் யாருக்கும் தவறு தம்முடையது என்றே தோன்றும். என் வாதம் இதற்கு நேர் எதிரானது: இது பெயருக்குரியவரின் பிழையில்லை, ஒரு வகைப் பெயரை மட்டுமே மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட மென்பொருளின் பிழை. அதைத் திருத்தும் செலவையும் அலைச்சலையும் நம்முடைய சட்டங்கள் பெயருக்குரியவர் தலையிலேயே ஏற்றி வைத்திருக்கின்றன.

இனிஷியல் முறை ஏதோ பழைய வழக்கத்தின் எச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அதற்கு ஓர் அரசியல் வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்தப் பட்டங்கள் பொதுவாழ்விலிருந்து பெருமளவு உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து இருந்தது, அதுவே போதும் என்றிருந்தது. மற்ற மாநிலங்களில் 'கடைசிப் பெயர் என்ன?' என்ற கேள்வி பல நேரங்களில் 'என்ன சாதி?' என்ற கேள்வியின் நாகரிக வடிவம் என்பதை அங்கே வேலைக்குப் போன தமிழர்கள் அறிவார்கள். நம் தாத்தாக்கள் தெரிந்தே காலியாக்கிய இடம் அது. இன்றைய இணையப் படிவம் அந்த இடத்துக்கு நேரே சிவப்பு நட்சத்திரம் போட்டு 'கட்டாயம்' என்கிறது.

கட்டாயம் என்றால் மக்கள் எதையாவது இட்டு நிரப்பத்தான் செய்வார்கள். சிலர் இனிஷியலை எழுதுவார்கள். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று படிவம் மறுக்கும். புள்ளி வைத்தால் 'தவறான குறியீடு' என்று மறுக்கும். அப்பா பெயரை எழுதினால் ஏற்றுக்கொள்ளும். அன்றிலிருந்து அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு மின்னஞ்சலும் 'அன்புள்ள ராமசாமி' என்று காலமான அப்பாவை விளித்தே வரும். எனக்கு ஒரு கடன் அட்டை நிறுவனம் பல ஆண்டுகளாக என் இனிஷியலை மட்டும் விளித்துப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பி வந்தது. மாற்றச் சொல்லிக் கேட்டபோது, 'சிஸ்டத்தில் அப்படித்தான் சார் வருது' என்றார் வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண். அவரும் தமிழர்தான் என்று பேச்சில் தெரிந்தது. அநேகமாக அவருக்கும் அதே தொல்லை இருந்திருக்கும்.

வாழ்த்து தவறாக வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வருமான வரிச் சட்டத்தில் 2017இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி பானையும் ஆதாரையும் இணைத்தாக வேண்டும் என்றானபோது, பெயர்ப் பொருத்தம் பண விவகாரமாக மாறியது. கெடு பல முறை நீட்டிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் இணைப்புக்கு 500 ரூபாயும், ஜூலை முதல் 1000 ரூபாயும் தாமதக் கட்டணமாக வாங்கப்பட்டன. 2023 ஜூன் 30க்குள் இணைக்காதவர்களின் பான் மறுநாளிலிருந்து செயலிழந்தது. செயலிழந்த பான் வைத்திருப்பவருக்கு வைப்புத்தொகை வட்டியில் பிடிக்கப்படும் வரி 20 சதவீதம். தாமதித்தவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று அந்தக் கட்டணம் எண்ணிக்கொண்டது. இணைக்க முயன்று, பெயர் பொருந்தாமல் திரும்பி, இ-சேவை மையத்துக்கும் பான் முகவருக்கும் இடையே நடந்து, கெடு கடந்துபோனவர்களிடமும் அதே 1000 ரூபாய்தான் வாங்கப்பட்டது.

எதைத் திருத்துவது என்பதும் எளிதில் விடை கிடைக்கிற கேள்வி இல்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம்; அதற்கு மேல் வேண்டுமென்றால் வட்டார அலுவலகத்தின் தனி அனுமதி தேவை. பானுக்குப் பொருத்தமாக ஆதாரை மாற்றினால் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகாது. வங்கியை மாற்றினால் வருங்கால வைப்பு நிதியில் வேறு பெயர் இருக்கும். பி.எஃப். பதிவில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் வேலை பார்த்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால் தொழிலாளியின் நிலை என்ன என்பதைத் திருப்பூரிலும் கோவையிலும் கேட்டால் சொல்வார்கள். 2025 ஜனவரியில்தான், 2017 அக்டோபருக்குப் பிறகு கணக்கு எண் பெற்று ஆதாரைச் சரிபார்த்தவர்கள் நிறுவனத்தின் தயவு இல்லாமல் தாங்களே திருத்திக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, அதாவது வைப்பு நிதியில் அதிகம் சேர்த்திருக்கும் மூத்தவர்களுக்கு, அந்தச் சலுகை அப்படியே கிடைக்கவில்லை.

பெண்களின் நிலை இன்னும் ஒரு படி மோசம். படிப்பு முடியும்வரை அப்பாவின் இனிஷியல். திருமணத்துக்குப் பிறகு குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் கணவரின் இனிஷியல் ஏறிக்கொள்ளும், பல நேரங்களில் அந்தப் பெண்ணைக் கேட்காமலேயே. ஆதார் முகாமில் வரிசையில் நின்றவரிடம் 'வீட்டுக்காரர் பேர் என்னம்மா?' என்று கேட்டுவிட்டுத் தட்டச்சு செய்தவரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது, அப்பாவின் இனிஷியலோடு இருந்த மகளும் கணவரின் இனிஷியலோடு நிற்கும் மனைவியும் ஒரே ஆள்தான் என்பதற்கு அவரே சான்று கொண்டுவர வேண்டியிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் சான்று, நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், சிலருக்கு அரசிதழில் அறிவிப்பு. இத்தனைக்கும் அவருடைய பெயர் பிறந்ததிலிருந்து மாறவே இல்லை. முன்னால் நின்ற ஓர் எழுத்துதான் மாறியது. இனிஷியலைப் பெயரின் பகுதியாகச் சேமிக்காமல், இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்ற தனித் தகவலாக முதலிலேயே சேமித்திருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி எழுந்திருக்காது.

எழுத்துக்கூட்டல் வேறொரு காடு. க என்ற ஓர் எழுத்து ஆங்கிலத்தில் 'கே' ஆகவும் 'ஜி' ஆகவும் போகும். த என்பது 'டி' ஆகவும் 'டிஹெச்' ஆகவும் போகும். ழகரத்துக்கு இங்கே 'இஸட்ஹெச்', மலேசியாவில் பெரும்பாலும் 'எல்'. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. எனக்கு உடன்பாடான ஆணை அது. ஆனால் ஒப்பிடும் மென்பொருள்கள் பார்ப்பதெல்லாம் ஆங்கில வடிவத்தை மட்டுமே என்பதால், தமிழில் சரியாக இருப்பதால் வங்கியில் எந்தப் பயனும் இல்லை. ஒலிக்கு ஏற்ற ஒரே ஆங்கிலக் கூட்டலை எல்லோருக்கும் விதித்துவிடலாமே என்று கேட்கலாம். ஊர்ப் பெயர்களுக்கு அதைச் செய்து பார்த்தார்கள்: 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வந்தது, ஒரு வாரம் போல இணையமெங்கும் கேலி நடந்தது, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே ஒத்துக்கொள்ளாத மக்கள் தங்கள் பெயருக்கா ஒத்துக்கொள்ளப் போகிறார்கள்?

கடல் கடந்தால் பிழையின் வடிவம் மாறுகிறது. மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் மகனுக்கு 'ஏ/எல்', மகளுக்கு 'ஏ/பி' என்று நடுவில் ஒரு சாய்கோடு வரும். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதை மலாய் மொழியில் சுருக்கியது. சிங்கப்பூரில் அதுவே 'எஸ்/ஓ', 'டி/ஓ'. விமான முன்பதிவு மென்பொருள்களிலோ சாய்கோடு என்பது குடும்பப் பெயரையும் தனிப் பெயரையும் பிரிக்கும் குறி. ஒரு சமூகம் உறவைச் சொல்ல வைத்த குறியும், கணினி பெயரை வெட்ட வைத்த குறியும் ஒன்றாக அமைந்துவிட்டன. அதே முன்பதிவு முறையில் பெயருக்குப் பின்னால் 'எம்ஆர்' என்ற அடைமொழி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், 'அம்ர்' என்ற சாதாரண அரபிப் பெயர் சில நேரம் கடைசி இரண்டு எழுத்துகளை இழந்து வெறும் 'ஏ' என்று பயணச்சீட்டில் அச்சாகிவிடும். ஆக, இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததில்லை.

அமெரிக்க விசாவில், கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருப்பவருக்கு அது குடும்பப் பெயர் ஆகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்று போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து ஓட்டுநர் உரிமத்திலும் வங்கியிலும் 'எஃப்.என்.யு.' என்பதையே முதல் பெயராகப் பதிய, அமெரிக்காவில் ஒரே முதல் பெயர் கொண்ட தெற்காசியர்களின் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டுமே உள்ள பயணிகள் சுற்றுலா, பார்வையாளர் விசாக்களில் வர முடியாது என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் தளர்த்தியது. குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று ஒரு நாடு அனுமதித்துக் கொடுத்த ஆவணம், இன்னொரு நாட்டின் மென்பொருள் முன்னால் ஒரே நாளில் குறையுள்ளதாக ஆகிவிட்டது.

இந்தோனேசியா இன்னும் ஒரு படி மேலே போனது. சுகர்ணோ, சுகார்த்தோ என்று ஒற்றைப் பெயர் கொண்ட இருவர் குடியரசுத் தலைவர்களாக இருந்து ஆண்ட நாடு அது. 2022இல் அதன் உள்துறை அமைச்சகம் கொண்டுவந்த விதியின்படி, புதிதாகப் பதிவாகும் பெயர்களில் குறைந்தது இரண்டு சொற்கள் இருக்க வேண்டும், 60 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. கடவுச்சீட்டு, பள்ளிச் சேர்க்கை போன்ற சேவைகள் எளிதாகும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமையைப் படிவத்தின் வசதிக்காகச் சுருக்கியதாகவே எனக்குப் படுகிறது.

இதற்கு மாறாக பெல்ஜியத்தில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. தன் பெயரிலுள்ள ஒலிக்குறியை வங்கி விட்டுவிட்டு எழுதுகிறது, திருத்துங்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். வங்கி சொன்ன பதில்: எங்கள் கணினி முறை 1990களில் அமைத்தது, அதிலுள்ள எழுத்துக் குறியாக்கத்தில் அந்தக் குறிகளுக்கு இடமில்லை, மாற்றுவதென்றால் பெருஞ்செலவு. அந்தக் குறியாக்கம் 1960களில், துளையிட்ட அட்டைகளின் காலத்தில் பிறந்தது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 16ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையைத் தனிமனிதருக்குத் தருகிறது. 2019 அக்டோபரில் பிரசல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு வங்கி தன் கணினி முறையை இன்றைய தரத்துக்கு ஏற்ப வைத்திருக்க வேண்டும், பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளும் உரிமையும் அந்தத் தரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கணினியால் முடியாது என்பது நிறுவனத்தின் சிக்கல், வாடிக்கையாளருடையது இல்லை என்று ஒரு நீதிமன்றம் எழுத்தில் சொன்னது நாம் அனைவரும் படித்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மோசடியைத் தடுக்கப் பெயர்ப் பொருத்தம் தேவைதானே என்பார்கள். தேவைதான், மறுக்கவில்லை. கேள்வி, எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வதா என்பதே. இதற்கு விடை நம் கைபேசியிலேயே இருக்கிறது. யுபிஐயில் பணம் அனுப்பும் முன், பெறுபவரின் வங்கிப் பெயர் திரையில் வருகிறது. 'முருகன் கே' என்று வந்தாலும் 'கே முருகன்' என்று வந்தாலும் 'கந்தசாமி முருகன்' என்று வந்தாலும் காய்கறிக் கடை முருகனுக்குத்தான் அனுப்புகிறோம் என்பது அனுப்புபவருக்குத் தெரியும். 'சலீம்' என்று வந்தால் நிறுத்திவிடுவார். கணினி பெயரைக் காட்டுகிறது, தீர்ப்பை மனிதர் சொல்கிறார். ரிசர்வ் வங்கியும் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பரிமாற்றங்களில் இதேபோல் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று வங்கிகளைப் பணித்தது. பணம் போகிற பாதையிலேயே இந்த நெகிழ்வு போதும் என்றால், ஓய்வூதிய விண்ணப்பத்தை மட்டும் ஏன் ஓர் இடைவெளிக்காகத் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும்? விரலும் விழியும் பொருந்திய பிறகும் புள்ளி பொருந்தவில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

செய்ய வேண்டியது தொழில்நுட்ப அளவில் கடினமானதும் இல்லை. பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டி, தேவை இல்லையென்றால் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள் என்கிறது; உலகளாவிய வலைத் தர அமைப்பின் வழிகாட்டுதலும் பெயரைப் பிரிக்க உண்மையிலேயே காரணம் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்கிறது. ஆதார் அந்த ஒற்றைக் கட்டத்தைத் தொடக்கத்திலேயே வைத்தது என்பதை இங்கே பாராட்ட வேண்டும். மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டு, தங்கள் அப்பா பெயரே ஏறாத படிவங்களை உலகத்துக்காக எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். வாடிக்கையாளர் தந்த வரைவில் 'குடும்பப் பெயர், கட்டாயம்' என்று இருந்தால், 'ஏன் கட்டாயம்?' என்று ஒரு வரி திருப்பிக் கேட்கும் தகுதி அவர்களைவிட வேறு யாருக்கு இருக்கிறது?

சட்டத்தைப் பொறுத்தவரை, 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைக் கவனித்து வைத்திருக்கிறேன். 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவைத் திருத்தவும் முழுமையாக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது. 8ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு, ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கத் தரவு பயன்படும்போதும், அது இன்னோர் அமைப்புக்குத் தரப்படும்போதும், அது முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பைத் தரவை வைத்திருப்பவர் மீது சுமத்துகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; உரிமைகள் முழுமையாக நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் பொறுத்திருக்க வேண்டும். அரசுக்கு இந்தச் சட்டத்தில் விலக்குகள் தாராளமாகவே இருப்பதால் பானும் ஆதாரும் எளிதில் பிடிபடாது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் அப்படித் தப்ப முடியாது. 'கடைசிப் பெயர்' கட்டத்தைக் கட்டாயமாக்கி, அதில் அப்பாவின் பெயரை எழுத வைத்து, பிறகு அந்தப் பெயரைக் காட்டியே கோரிக்கையைத் தள்ளுபடி செய்த நிறுவனத்திடம், 'இந்தத் தரவு துல்லியமாக இல்லாமல் போனது யாரால்?' என்று அந்த 8ஆம் பிரிவை வைத்துக் கேட்க முடியும். தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் கதவைத் தட்டும் முதல் சில புகார்களில் ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து ஓர் இனிஷியலுக்காகப் போனால் எனக்கு வியப்பிருக்காது.